பக்கத்தில் உட்காரும் நிபுணர்

அரசு மருத்துவமனையின் குழந்தைகள் புறநோயாளிப் பிரிவில் நாள்தோறும் நடக்கக்கூடிய காட்சி இது. ஒன்றரை வயதுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் வருகிறார். சளி, இரண்டு நாளாகக் காய்ச்சல். மருத்துவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்க்கிறார், தொண்டையில் டார்ச் அடித்துப் பார்க்கிறார், மருந்து எழுதுகிறார். சீட்டை வாங்கிக்கொண்டு எழும்போதுதான் தாய் தயங்கியபடி கேட்கிறார்: “இன்னும் அம்மான்னுகூடச் சொல்ல மாட்டேங்கிறான் டாக்டர்.” பதில் உடனே வருகிறது: “ஆம்பளப் பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும்மா. மூணு வயசு வரைக்கும் பாக்கலாம்.” வெளியே வரிசை நீண்டு கிடக்கிறது. அந்த மருத்துவர் அக்கறையில்லாதவர் அல்லர். மூன்றாண்டு மேற்படிப்பு அவர் கண்ணை நன்றாகவே பழக்கியிருக்கிறது. மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குவதைத் தொலைவிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் குழந்தை தாயின் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது திரும்பவில்லை என்பதும் அதே அறையில், அதே கண்ணெதிரேதான் நடந்தது. அதைப் பார்க்க யாரும் அவருக்குக் கற்றுத்தரவில்லை. குழந்தைகளின் வளர்ச்சி, நடத்தை சார்ந்த மருத்துவத்துக்கு நிபுணர்களை எப்படிப் பயிற்றுவிப்பது என்ற கேள்வி இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எத்தனை குழந்தைகளைப் பற்றிப் பேசுகிறோம்? இந்தியாவில் இதற்கு நம்பத்தக்க விடை 2018இல் வெளிவந்தது. இன்க்லென் அமைப்பைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நாட்டின் ஐந்து பகுதிகளில் 2 முதல் 9 வயதுவரையுள்ள ஏறத்தாழ 4,000 குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். பார்வை, செவித்திறன் குறைபாடுகள், வலிப்பு, பெருமூளை வாதம், பேச்சு–மொழிச் சிக்கல், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு ஆகியவற்றோடு, ஆறு வயதைக் கடந்தவர்களிடம் கற்றல் குறைபாட்டையும் கவனக்குறைவு–மிகைச்செயல்பாட்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஆறு வயதுக்குட்பட்டோரில் நூற்றுக்கு 9.2 பேருக்கும், ஆறு முதல் ஒன்பது வயதுவரை 13.6 பேருக்கும் இவற்றில் ஒன்றாவது இருந்தது. இடத்துக்கு இடம் இந்த விகிதம் மிகவும் மாறியது என்பதையும் சொல்லியாக வேண்டும். இருந்தாலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லட்சம் பேர் வாழும் வட்டாரத்தில் இந்த வயதுக் குழந்தைகள் பத்தாயிரம் பேர் என்று வைத்துக்கொண்டால், அவர்களில் ஆயிரம் பேரையாவது யாராவது நிதானமாக உட்கார்ந்து கவனிக்க வேண்டும். முதல் பரிசோதனைக்கு ஒரு மணி நேரம், ஒரு நாளைக்கு ஐந்து குழந்தைகள் என்றால் ஒரு நிபுணருக்கு இருநூறு வேலைநாள்கள் அதற்கே போய்விடும். அதுவும் குறையின் பெயரைச் சொல்லி, சீட்டு எழுதிக் கொடுத்ததோடு சரி. பிறகு வாராவாரம் நடக்க வேண்டிய பயிற்சி இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

கண்டுபிடிப்பதற்கு நம்மிடம் ஏற்பாடு இல்லாமல் இல்லை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிகளுக்கு ஒருமுறையும் போக வேண்டும்; பிறவிக் குறைகள், சத்துக்குறைவு, நோய்கள், வளர்ச்சித் தாமதம் என்னும் நான்கு வகையில் 30 நிலைகளைத் தேட வேண்டும். ஐயம் எழும் குழந்தையை மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த மையத்தில் குழந்தை மருத்துவர், இயன்முறை மருத்துவர், பேச்சு–செவித்திறன் வல்லுநர், உளவியலாளர், கண்பார்வை வல்லுநர், சிறப்பாசிரியர், சமூகப் பணியாளர் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டும் என்கிறது வழிகாட்டு நெறிமுறை. தாளில் நல்ல வடிவம்தான். ஆனால் இவர்கள் ஒவ்வொருவரும் படித்துவிட்டு வருவது தனித்தனிக் கல்லூரிகளில், தனித்தனிப் பாடத்திட்டங்களில். பேச்சுப் பயிற்சி படித்தவரும் சிறப்பாசிரியரும் ஒரே குழந்தையின் பக்கத்தில் சேர்ந்து உட்காருவது பெரும்பாலும் வேலையில் சேர்ந்த பிறகுதான். அதற்குள் அவரவர் மேசை அவரவர்க்குப் பழகிவிடுகிறது. குழந்தை மேசைக்கு மேசை நகர்கிறது; தாயின் கையில் சீட்டுகள் சேர்கின்றன; வீட்டுக்குப் போனதும் என்ன செய்வது என்று மட்டும் தெரிவதில்லை.

இன்னும் அதிக நிபுணர்களை உருவாக்கினால் தீர்ந்துவிடும் என்பது இயல்பாகத் தோன்றும் விடை. அமெரிக்கா அந்த வழியில் நெடுந்தூரம் போய்ப் பார்த்துவிட்டது. வளர்ச்சி–நடத்தைக் குழந்தை மருத்துவம் என்னும் தனிச் சிறப்புத் துறையை அங்கீகரித்து, 2002இல் அதற்கான முதல் தகுதித் தேர்வை நடத்தினார்கள். குழந்தை மருத்துவத்தில் மூன்றாண்டு, அதன்மேல் இந்தத் துறையில் மூன்றாண்டு. இருபதாண்டுகள் கடந்தும் அந்தப் பெரிய நாடு முழுவதற்கும் இந்தத் தகுதி பெற்றவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. முதல் சந்திப்புக்கே பல மாதக் காத்திருப்பு. பயிற்சி இடங்கள் நிரம்பாமல் கிடக்கின்றன. காரணம் எளியது. ஒரு குழந்தைக்கு இரண்டு மணி நேரம் செலவழிக்கும் மருத்துவரின் வருமானம், அந்த நேரத்தில் எட்டுக் குழந்தைகளைப் பார்ப்பவரின் வருமானத்தை எட்டாது. கூடுதலாக மூன்றாண்டு படித்ததற்கு ஊதியம் குறைகிறது. பொதுக் குழந்தை மருத்துவம் படிப்போர் அனைவரும் இத்துறையில் ஒரு மாதமாவது பயிற்சி பெற வேண்டும் என்று 1997இலேயே அங்கு விதித்தார்கள். முப்பத்தாறு மாதத்தில் ஒரு மாதம்! தினசரி வேலையில் அவர்கள் எதிர்கொள்ளும் பெற்றோரின் கேள்விகளில் பேச்சும் தூக்கமும் பிடிவாதமும் படிப்பும் எவ்வளவு பங்கு என்பதை நினைத்தால் அந்த ஒரு மாதம் எவ்வளவு சிறியது என்பது விளங்கும். நிபுணரின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் கூட்ட வேண்டும். ஆனால் நிபுணர் என்ன வேலை செய்யப் பயிற்றுவிக்கப்படுகிறார் என்பதை மாற்றாமல் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் வரிசையின் நீளம் குறையாது.

இந்தத் துறையில் மருந்தைப்போல வேலை செய்வது எது என்று பார்த்தால், அந்த வேலை எப்படி மாற வேண்டும் என்பது தெளிவாகும். ஆட்டிசம் உள்ள சிறு குழந்தைகளுக்காக இங்கிலாந்தில் உருவான, பெற்றோர் வழியாக நடக்கும் ஒரு பயிற்சி முறையைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். தாயும் குழந்தையும் தரையில் உட்கார்ந்து சில நிமிடம் விளையாடுகிறார்கள். அதைக் காணொளியாகப் பதிவுசெய்கிறார்கள். பிறகு பயிற்சியாளர் அதைத் தாயோடு சேர்ந்து ஓட்டிப் பார்க்கிறார். குழந்தை காரின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. தாய் “இது என்ன கலர்? இங்க பாரு, இது என்ன?” என்று விடாமல் கேட்கிறார். குழந்தை திரும்பவில்லை. ஒரு கட்டத்தில் தாய் சோர்ந்து பேச்சை நிறுத்துகிறார். மூன்று நொடி. குழந்தை தலைதூக்கி அவர் முகத்தைப் பார்க்கிறது. பயிற்சியாளர் அங்கே படத்தை நிறுத்துகிறார். “இந்த இடத்துல என்ன நடந்துச்சுன்னு பாத்தீங்களா?” அவ்வளவுதான் சிகிச்சை. தாய் அடுத்த முறை காத்திருக்கக் கற்றுக்கொள்கிறார். குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசக் கற்றுக்கொள்கிறார். இங்கிலாந்தில் 152 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முதல் முடிவு 2010இல் வந்தபோது ஆட்டிச அறிகுறிகளில் பெரிய மாற்றம் தென்படவில்லை. தாய்–குழந்தை உறவாடலில் மட்டும் முன்னேற்றம் தெரிந்தது. ஏறத்தாழ ஆறாண்டு கழித்து அதே குழந்தைகளைத் தேடிப்போய்ப் பார்த்தபோது, பயிற்சி பெற்ற பிரிவில் அறிகுறிகளின் கடுமை குறைந்திருந்தது. விதைத்தவுடன் தோண்டிப் பார்க்கக் கூடாத பயிர் இது.

இதே முறையைக் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நம் சூழலுக்கு ஏற்ப மாற்றி, நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு நடத்தினார்கள். 65 குழந்தைகள்; ஆறு மாதத்தில் பன்னிரண்டு அமர்வுகள். 2016இல் வெளியான முடிவில், தாய் குழந்தையின் போக்கோடு இசைந்து செல்வதில் பெரிய முன்னேற்றமும், குழந்தை தானாகத் தொடர்பைத் தொடங்குவதில் நல்ல முன்னேற்றமும் தெரிந்தன. இருவரும் ஒரே பொருளில் கவனம் பகிரும் நேரம் மட்டும் சற்றுக் குறைந்தது. அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். ஆய்வு சிறியது. ஆனால் அது காட்டும் திசையைத் தள்ளிவிட முடியாது. இந்த ஆய்வை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான அதிஃப் ரஹ்மானின் முந்தைய வேலை இதைவிடப் பெரிய சான்று தருகிறது. ராவல்பிண்டிப் பகுதிக் கிராமங்களில், மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளை வீடுதேடிப் போய்ப் பார்க்க, பள்ளிப் படிப்பு மட்டுமே முடித்த பெண் சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவித்தார்கள். 2008இல் வெளியான முடிவு: குழந்தை பிறந்து ஆறு மாதமானபோது, பயிற்சி பெற்ற பணியாளர்கள் போன ஊர்களில் 23 விழுக்காட்டுத் தாய்மாருக்கே மனச்சோர்வு நீடித்தது, மற்ற ஊர்களில் 53 விழுக்காடு. இதில் நான் வியப்பது அந்த எண்களைவிட, பயிற்சி அமைந்த விதத்தைத்தான். வகுப்பறைப் பயிற்சி சில நாள்களில் முடிந்தது. அதன்பிறகு மாதந்தோறும் அரை நாள் பணியாளர்கள் கூடி, தாங்கள் போன வீடுகளைப் பற்றிப் பேசி வழிகாட்டல் பெற்றார்கள். அந்த அரை நாள்தான் வேலை செய்தது என்பது என் வாதம்.

எதிர்த்திசையில் ஒரு சான்று இந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. நியூ மெக்சிகோவில் 2003இல் சஞ்சீவ் அரோரா கல்லீரல் அழற்சி நோய்க்காகத் தொடங்கிய காணொளிவழிக் கற்பித்தல் முறை உலகெங்கும் பரவியது. தொலைதூர மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிச் சொல்ல, பல்கலைக்கழக நிபுணர்கள் சேர்ந்து ஆலோசனை தருவார்கள். அதை ஆட்டிசத்துக்கும் கொண்டுவந்தார்கள். பத்து மையங்களில் நடந்த அந்த ஆய்வு 2020இல் வெளியானது. பங்கேற்ற மருத்துவர்களின் அறிவு கூடியது, தன்னம்பிக்கையும் கூடியது. ஆனால் அவர்கள் தம் மருத்துவமனையில் குழந்தைகளை ஆட்டிசத்துக்காகச் சோதிக்கும் வழக்கத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. நல்ல நிபுணர்கள், நல்ல பாடம், ஆர்வமுள்ள மாணவர்கள்; எல்லாம் இருந்தும் பழக்கம் மாறவில்லை. கல்லீரலில் ஆய்வக எண் வழிகாட்டும். எந்த மருந்து, எத்தனை வாரம் என்று சொன்னால் போதும். குழந்தையோடு தரையில் உட்காரும் விதத்தைத் திரைவழியே சொல்லிக்கொடுத்துவிட முடியவில்லை. நீச்சலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுக் கற்பிக்க முடியாததைப் போலத்தான். செய்பவரின் கையையும் கண்ணையும் ஒருவர் பக்கத்திலிருந்து பார்த்துத் திருத்த வேண்டியிருக்கிறது. அந்தத் திருத்தும் திறனே இந்தத் துறை நிபுணருக்கு முதன்மையான மருத்துவத் திறன். இன்றைய பட்டப் படிப்புகள் அதை இருந்தால் நல்லது என்ற அளவில் விட்டுவைத்திருக்கின்றன.

தமிழ்நாட்டில் இதற்கு வேர் இருக்கிறது. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் 1981இல் தொடங்கப்பட்ட அமர் சேவா சங்கம், உள்ளூர்ப் பெண்களையே சமுதாய மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்புகிறது. அவர்கள் பதியும் விவரங்களைக் கைப்பேசிச் செயலி வழியாக வல்லுநர்கள் பார்த்து வழிகாட்டுகிறார்கள். சென்னையில் 1989 முதல் இயங்கும் மதுரம் நாராயணன் மையம், குழந்தையோடு தாயும் உடனிருந்து கற்கும் ‘உபநயன்’ என்ற தொடக்கநிலைப் பயிற்சியை உருவாக்கியது. வேலூர் சி.எம்.சி.யில் வளர்ச்சிசார் குழந்தை மருத்துவத்துக்கெனத் தனிப் பிரிவு உண்டு. பக்கத்து மாநிலத்தில், திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் பதினேழே கேள்விகளில் இரண்டு வயதுவரையுள்ள குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்கும் அட்டவணையை உருவாக்கி, களப்பணியாளர் கையில் கொடுத்தது. இவையெல்லாம் நிபுணர் அறிவைச் சிறிய, கைமாற்றத்தக்க வடிவத்துக்குக் கொண்டுவந்த வேலைகள்.

மொழியும் இதில் ஒரு கருவி. ‘கூட்டுக் கவனம்’ என்று பாடநூல் சொல்வதை ஒரு கிராமத்துத் தாயிடம் எப்படிக் கேட்பது? “நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டும்போது, நீங்க கை நீட்டுற பக்கம் பாக்குறானா, இல்ல உங்க விரலையே பாக்குறானா?” என்று கேட்கலாம். “ங்கா சொல்றானா?”, “கண்ணாமூச்சி காட்டினா மறுபடியும் காட்டச் சொல்லி ஏதாச்சும் செய்றானா?” என்ற கேள்விகளுக்கு எந்த அப்பத்தாவும் துல்லியமாகப் பதில் சொல்லிவிடுவார். குழந்தையின் வளர்ச்சிப் படிகளைக் கவனித்துப் பெயரிட்ட மரபு நமக்கு உண்டு. பிள்ளைத்தமிழின் பருவங்களில் செங்கீரை என்பது கையூன்றித் தலைநிமிர்த்தி ஆடுவது, சப்பாணி இரு கையும் சேர்த்துக் கொட்டுவது, வருகை தளர்நடையிட்டு வருவது, அம்புலி குழந்தையோடு விளையாட வரும்படி நிலவை அழைப்பது. இலக்கிய மரபைச் சோதனைப் பட்டியலாக்கச் சொல்லவில்லை. ஆனால் ஆங்கிலப் படிவத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் படித்துக்காட்டும் பணியாளருக்கும், அதே பொருளை வீட்டு மொழியில் கேட்கத் தெரிந்த பணியாளருக்கும் கிடைக்கும் பதில்கள் வேறு வேறு. இலங்கையில் இந்தச் சிக்கலை உணர்ந்து, ஆட்டிச அறிகுறிகளைப் படங்களால் காட்டிப் பெற்றோரிடம் கேட்கும் கருவியை உருவாக்கினார்கள். ஒரு கேள்வியைத் தன் வட்டாரத்துப் பேச்சில் கேட்கும்படி மாற்றி, மாற்றிய பிறகும் பொருள் சிதையவில்லை என்று சோதித்துக்கொள்வதும் நிபுணருக்குரிய பயிற்சியில் அடங்க வேண்டும்.

ஆகவே பயிற்சிக் காலத்தை வேறு மாதிரி வகுக்கலாம். வளர்ச்சிசார் மருத்துவத்தில் சேரும் குழந்தை மருத்துவர் முதல் சில மாதங்களை மருத்துவமனைக்கு வெளியே கழிக்கட்டும். குறையில்லாத குழந்தைகளை அங்கன்வாடியில் நாள்கணக்கில் பார்க்காமல், குறையுள்ள குழந்தையைக் கண்டுகொள்ள முடியாது. எது இயல்பு என்பதன் அகலம் அங்கேதான் புரியும். பேச்சுப் பயிற்சி, இயன்முறை, சிறப்புக் கல்வி, உளவியல் மாணவர்களோடு ஒரே குழுவாக ஒரே குழந்தைகளைப் பார்க்கட்டும். நடத்தைச் சிக்கல்களுக்கு இன்னும் கூடுதல் இடம் வேண்டும். “சேட்டை தாங்கல” என்று பள்ளியிலிருந்து அனுப்பப்படும் குழந்தைக்குச் செவித்திறன் குறையிருக்கலாம், கற்றல் குறைபாடு இருக்கலாம், வீட்டில் அடி விழலாம், இரவெல்லாம் மூச்சடைத்துத் தூங்காமல் இருக்கலாம். நான்குக்கும் வழி வேறு. தேர்வும் மாற வேண்டும். இன்று தேர்வு அறையில் மாணவர் ஒரு குழந்தையைப் பரிசோதித்து நோயின் பெயரைச் சொல்கிறார். அதனோடு, தான் வழிநடத்திய ஒரு களப்பணியாளரின் முதல் அமர்வையும் பத்தாவது அமர்வையும் காணொளியாகக் கொண்டுவரட்டும். இரண்டுக்கும் இடையே பணியாளரிடம் என்ன மாறியது, அதற்குத் தான் என்ன சொன்னார், எது பலிக்கவில்லை என்பதைத் தேர்வாளர்முன் விளக்கட்டும். தேர்வில் கேட்கப்படாத எதையும் எந்த மருத்துவ மாணவரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை என்பது கல்லூரி நடத்தும் அனைவரும் அறிந்தது.

இதற்கு எழும் மறுப்புகளில் கனமானது ஒன்று. பணக்காரக் குழந்தைக்கு நிபுணர், ஏழைக் குழந்தைக்குப் பத்தாம் வகுப்புப் படித்த பணியாளரா? இந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நகரத்தில் மணிக்கணக்கில் கட்டணம் செலுத்தும் குடும்பத்துக்குக் கிடைப்பதும் பல இடங்களில் தாயை அறைக்கு வெளியே உட்காரவைத்து நடக்கும் முக்கால் மணி நேரப் பயிற்சியே. வாரத்தில் மீதி நேரமெல்லாம் குழந்தை வீட்டில்தான் இருக்கிறது. பெற்றோர் வழி நடக்கும் பயிற்சியை ஏழைக்கான மலிவுச் சரக்காக யாரும் உருவாக்கவில்லை. இங்கிலாந்தின் நடுத்தரக் குடும்பங்களுக்கும் அதையே கொடுத்துச் சோதித்தார்கள். மேற்பார்வை இல்லாமல் பணியாளரை மட்டும் அனுப்பினால்தான் அது இரண்டாந்தரச் சேவையாகும். அப்போது இந்த மறுப்பு முழு உண்மையாகிவிடும். தவறான முத்திரை விழுமே என்ற அச்சமும் உண்டு. முத்திரை குத்தும் அதிகாரம் பணியாளருக்கு வேண்டாம். நோயறிதலும் சான்றிதழும் நிபுணரிடமே இருக்கட்டும். ஆனால் தாயும் குழந்தையும் சேர்ந்து விளையாடும் விதத்தை மேம்படுத்த எந்தச் சான்றிதழும் தேவையில்லை. பெயர் கிடைக்கும்வரை உதவி இல்லை என்ற இன்றைய நிலையில்தான் குழந்தையின் மூளை மிக விரைவாக வளரும் மாதங்கள் வரிசையில் நின்றே கழிகின்றன.

மூன்றாவது மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன்: எல்லாச் சுமையையும் தாயின் தலையில் ஏற்றுகிறீர்கள் என்பது. ஏற்கெனவே “நீ சரியா வளக்கல” என்று கேட்டுக் கேட்டுக் குன்றிப்போனவர் அவர். கூலி வேலைக்குப் போய்வந்து, சமைத்து, பிறகு தரையில் உட்கார்ந்து விளையாடவும் வேண்டும் என்றால் அது கொடுமைதான். ராவல்பிண்டிச் சான்றை இங்கேதான் மீண்டும் நினைவுகொள்ள வேண்டும். தாயின் மனநிலையைக் கேட்காமல் குழந்தைக்குப் பயிற்சி சொல்லித்தரும் நிபுணர் பாதி வேலையையே செய்கிறார். தாயின் சோர்வை அடையாளம் காண்பது, அப்பாவையும் பாட்டியையும் அமர்வுக்கு அழைப்பது, தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லாமல் குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் செய்யக்கூடியதைச் சொல்வது ஆகியவை பயிற்சியின் உள்ளே இருக்க வேண்டியவை. அதேபோல அங்கன்வாடிப் பணியாளரிடமே இதையும் சேர்த்துக் கட்டிவிடக் கூடாது. சத்துணவு, முன்பருவக் கல்வி, பதிவேடு, செயலியில் தரவேற்றம் என்று அவர் கைகள் நிறைந்திருக்கின்றன. ஐயத்தைக் கவனித்துச் சொல்வது அவர் பங்காகலாம். வீடுதேடிப் போகத் தனிப் பணியாளர் வேண்டும், ஊதியத்தோடு. தேசிய சுகாதார இயக்கத்தின்கீழ் ஒப்பந்த அடிப்படையில் ஆள் எடுக்கும் வழக்கம் இந்த வேலைக்குச் சற்றும் பொருந்தாது. மூன்றாண்டு பழக்கி, திறன் கைவந்த நேரத்தில் ஒருவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் அவரோடு போவது அந்த வட்டாரத்துக் குடும்பங்கள் வைத்திருந்த நம்பிக்கையும்தான்.

மேலே சொன்ன வட்டாரத்துக்கே திரும்பி இன்னொரு கணக்குப் போடுவோம். பதினைந்து பணியாளர்கள், ஒருவர் பொறுப்பில் இருபது குடும்பங்கள், மொத்தம் முந்நூறு. மாதத்தில் அரை நாள் பதினைந்து பேரும் நிபுணரோடு கூடுகிறார்கள். அதுபோக ஒவ்வொருவரின் ஓர் அமர்வுக் காணொளியை அவரோடு உட்கார்ந்து இருபது நிமிடம் பார்க்க, ஐந்து மணி நேரம். சேர்த்தால் நிபுணருக்கு மாதத்தில் ஒன்றரை நாள். அதே முந்நூறு குழந்தைகளையும் தன் அறைக்கு வரவழைத்து, நாளைக்கு ஐந்து பேர் வீதம் ஒரே ஒருமுறை பார்த்து முடிக்க அவருக்கு அறுபது நாள் வேண்டும்.